எந்த மை நிக்கும்? சிதறால்ல ஒரு மழைக்காலச் சோதனை

(எபிசோடின் எழுத்து வடிவம். "அப்புறம்", "வந்து", "ஆக்சுவலி" எல்லாத்தையும் குறைச்சு, படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)

பின்னாடி ஒரு சத்தம் கேக்குதா? அது மழை. இந்தத் தடவை ரெக்கார்டிங் என்னோட திருவனந்தபுரம் ரூம்ல இல்ல, எங்க வீட்ல, சிதறால்ல. பழைய ஓட்டு வீடு. மழை பெய்ஞ்சா எனக்கு முன்னாடி ஓடுதான் மைக்ல பேசும். பொறுத்துக்கோங்க.

சிதறால் தெரியாதவங்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டத்துக்குப் பக்கத்துல. சுத்தி ரப்பர் தோட்டம், வாழை, நடுவுல ஒரு மலை. மலை மேல ஆயிரம் வருஷத்துக்கும் பழைய சமணக் குகைக்கோயில். அந்த மலைக்குக் கடைசில வர்றேன்.

இன்னைக்கு விஷயம் மை. ஃபவுண்டன் பேனா பத்தின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "பிரதர், பேனா வாங்கிட்டேன். என்ன இங்க் வாங்கட்டும்? அந்த மினுமினுக்கற இங்க் நல்லா இருக்குமா?" நல்லா இருக்கும். நானும் வாங்கியிருக்கேன். என் மேசையில இப்ப பதினொரு பாட்டில் இருக்கு. ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்ல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லணும். பதில் அதுக்குள்ள இருக்கு.

ட்ரங்குப் பெட்டி

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். குமரி மாவட்டத்துல இருக்குற யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேர் திரும்பி வரல. அந்த இழப்புக்கு முன்னாடி எங்க வீட்டு நஷ்டம் ஒண்ணுமே இல்ல. அதைச் சொல்லிட்டுதான் இதைச் சொல்றேன்.

நான் அப்ப காலேஜ் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல இருந்தேன். வீட்ல ஓடு பறந்து, பின்னாடி அறையில ஒரு ராத்திரி முழுக்க மழை இறங்கியிருக்கு. கரன்ட் வர பல நாளாச்சு. நான் வீட்டுக்கு வந்தப்ப முற்றத்துல ரெண்டு ரப்பர் மரம் சாய்ஞ்சு கெடக்கு, திண்ணையில அம்மா ஒரு ட்ரங்குப் பெட்டியைத் திறந்து வெச்சு உக்காந்திருக்காங்க.

பெட்டிக்குள்ள ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, பாட்டாவோட நோட்டுகள். பாட்டான்னா எங்க ஊர்ல தாத்தா. அவர் பத்திரம் எழுதுறவர். இங்க அதைப் பிரமாணம்னு சொல்லுவாங்க. யார் நிலம், எத்தனை சென்ட், கிழக்கு எல்லை யார், மேற்கு எல்லை யார்னு தனக்காகக் குறிச்சு வெச்ச நோட்டு, அறுபதுகள்ல இருந்து. ரெண்டாவது, அப்பா குவைத்துல இருந்தப்ப அம்மாவுக்கு எழுதின கடிதங்கள். நான் பொறக்கறதுக்கு முன்னாடி தொடங்கி, நான் ஸ்கூல் போற வரைக்கும். ஒரு ஷூ பெட்டி நிறைய.

ரெண்டும் ஒரே பெட்டி. ஒரே மழை. பாட்டாவோட நோட்டு நனைஞ்சு ஊறிப் போயிருந்துச்சு, ஆனா ஒரு எழுத்து போகல. காகிதம் பழுப்பு, எழுத்து கறுப்பு. "மேற்கு எல்லை ஓடை"ன்னு இன்னைக்கும் படிக்கலாம். அப்பாவோட கடிதம் எல்லாம் வெளிறின நீலத் தாள். அங்கங்க மேகம் மாதிரி ஒரு கறை. எழுத்து இல்ல. ஒரு கடிதத்துல "அன்புள்ள"ன்னு ஆரம்பிக்கற ஓரம் மட்டும் தப்பிச்சிருந்துச்சு.

அப்பா மை பேனா ஆளு. அதுல ஒரு பெருமை அவருக்கு. சாதா பால்பாயிண்ட்ல எழுதியிருந்தா அந்தக் கடிதம் ஏறக்குறைய எல்லாம் இன்னைக்கும் இருந்திருக்கும். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை மாதிரி, தண்ணிக்கு லேசுல கரையாது. ஃபவுண்டன் பேனா பத்தின பாட்காஸ்ட்ல இதைச் சொல்ல வேண்டியிருக்கு, என்ன பண்றது.

அன்னைக்கு எனக்கு வந்த கேள்வி இதுதான்: ஒரே பெட்டி, ஒரே தண்ணி, ஒண்ணு நின்னுச்சு, ஒண்ணு போச்சு. ஏன்?

சாதா நீலம் ஏன் ஓடுது

நம்ம ஸ்கூல்ல பாத்த மையில இருந்து ஆரம்பிப்போம். எனக்கு முந்தின தலைமுறைக்கு பிரில் பாட்டில், கேம்லின் பாட்டில். பிரில் சென்னைக் கம்பெனி. கேம்லின் 1931-ல மும்பையில தொடங்கினப்ப வித்ததே குதிரை மார்க் மைத்தூள்தான். வங்காளத்துல 1934-ல சுதேசி மையாத் தொடங்கினது சுலேகா. அது நடுவுல பல வருஷம் மூடிக் கிடந்து, இப்ப மறுபடி பாட்டில் போடுது. ஃபில்லர்ல மை ஊத்தி, சிந்தினதைச் சாக்பீஸை வெச்சு உறிஞ்சி எடுத்த கதை எல்லாம் உங்க வீட்ல பெரியவங்க சொல்லியிருப்பாங்க.

இந்த மாதிரி சாதா மை எல்லாம் சாயம். டை. தண்ணியில சர்க்கரை மாதிரி முழுசா கரைஞ்சிருக்கும். எழுதினதும் தண்ணி காய்ஞ்சு போகும், சாயம் காகித நாருல தங்கும். அவ்வளவுதான். காகிதத்தோட அதுக்குப் பெரிய பிடிப்பு எதுவும் கிடையாது. மறுபடி தண்ணி வந்தா மறுபடி கரையும். துவைச்சா போற நீலம்னு இதைத் தெரிஞ்சேதான் செய்யறாங்க, ஸ்கூல் பசங்க சட்டைக்காக. அது குறை இல்ல, அம்மாக்களுக்குப் பண்ண உதவி. ஆனா அப்பாவோட கடிதத்துக்கு அதுதான் எமன்.

மின்னுறது எல்லாம்

சரி, இப்ப உங்க கேள்விக்கு. விசேஷ மைகள். நான் வாங்கினதை வகை வகையா சொல்றேன்.

முதல்ல ஷிம்மர். சாயத்துக்குள்ள ரொம்ப நுண்ணிய மினுக்குத் துகள் கலந்திருக்கும். ஜெ. ஹெர்பான்னு ஒரு பழைய பிரெஞ்சு பிராண்டோட 'எமரால்ட் ஆஃப் சிவோர்' இதுல பெரிய பேரு. மயில் கழுத்து மாதிரி ஒரு பச்சை நீலம், அதுல தங்கப் பொடி, ஓரத்துல சிவப்புச் சாயல். முதல் தடவை எழுதினப்ப நான் வேலையை விட்டுட்டு ஒரு மணி நேரம் என் பேரையே எழுதிட்டு இருந்தேன். [சிரிப்பு] ஆனா துகள் அடியில தங்கிடும். ஒவ்வொரு தடவையும் பாட்டிலைக் குலுக்கணும், பேனாவையும் உருட்டி உருட்டி எழுதணும். நிப்புக்கு அடியில இருக்குற ஃபீடுல துகள் அடைக்கும். மெல்லிய நிப்புல போடாதீங்க, நிரப்பி ரெண்டு வாரத்துக்கு மேல வெச்சுக்காதீங்க.

ரெண்டாவது ஷீன். ஒரு கோணத்துல நீலம், இன்னொரு கோணத்துல செம்பு மாதிரி சிவப்பு. இதுல துகள் எதுவும் இல்ல. சாயத்தை அளவுக்கு மேல ஏத்தி வெச்சிருப்பாங்க. காகிதம் உறிஞ்சாம விட்டா, மிச்சச் சாயம் மேலேயே ஒரு படலமாக் காயும். அந்தப் படலம்தான் வேற நிறத்துல மின்னுது. அதனால டோமோயே ரிவர் மாதிரி உறிஞ்சாத தாள்லதான் இந்த அழகு தெரியும். நம்ம சாதா நோட்டுல வெறும் நீலம். இன்னொரு பிரச்சினை நம்ம ஊர்க் காத்து. ஈரப்பதத்துல இது முழுசா காயவே காயாது. எழுதி மூணு நாள் கழிச்சு பக்கத்தைத் தொட்டேன், விரல் நீலம். அந்த விரலோட லேப்டாப்பைத் தொட்டேன். மீதியை நீங்களே ஊகிச்சுக்கோங்க.

மூணாவது, ஒரே கோட்டுல ரெண்டு மூணு நிறம் காட்டற மை. ஜப்பான் சைலர் கம்பெனியோட '123' இதுல பிரபலம். சாம்பல், இளஞ்சிவப்பு, பச்சை எல்லாம் ஒரே எழுத்துல. காரணம் நாம பத்தாவதுல படிச்ச குரோமடோகிராஃபி. ஒவ்வொரு சாயமும் காகிதத்துல ஒவ்வொரு வேகத்துல ஓடுது. வீட்லயே பாக்கலாம்: டிஷ்யூ பேப்பர்ல ஒரு சொட்டு மை, பக்கத்துல ஒரு சொட்டு தண்ணி. எந்த மைக்குள்ள என்னென்ன நிறம் ஒளிஞ்சிருக்குன்னு பிரிஞ்சு காட்டிடும்.

வெளிநாட்டு பாட்டில்தான் வேணும்னு இல்ல. பாலக்காட்டுப் பக்கம் ஒரு டாக்டர் தொடங்கின கிருஷ்ணா இங்க்ஸ் இருக்கு. ஷீன் அடிக்கற மை, நிறம் பிரியற மை எல்லாம் செய்யறாங்க. உலகம் முழுக்க ஆளுங்க தேடி வாங்கறாங்க.

ஆனா இதையெல்லாம் கவனிச்சீங்களா? மூணும் சாயம்தான். அழகு எவ்வளவு ஏறினாலும், தண்ணி பட்டா அப்பாவோட கடிதம் கதைதான்.

நான் பண்ண தப்பு

அப்ப தண்ணிக்கு நிக்கற மை எது? இந்த இடத்துல நான் ஒரு பெரிய தப்பு பண்ணேன். நீங்க பண்ணாதீங்க.

"தண்ணியில அழியாது"ன்னு படிச்சதும், ட்ராயிங் சாமான் விக்கற கடையில ஒரு பாட்டில் இந்தியன் இங்க் வாங்கி, பாட்டாவோட பழைய எபோனைட் பேனாவுல ஊத்திட்டேன். எபோனைட்னா ரப்பர்தான், நிறைய கந்தகம் சேத்து வேக வெச்சா கட்டை மாதிரி கெட்டியாகும். திருவள்ளூர்ல ரங்கா பேனாக்காரங்க இன்னைக்கும் கையால கடைஞ்சு செய்யறாங்க. ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல வளந்தவனுக்கு அந்தப் பேனா மேல தனிப் பாசம். அதுல இந்தியன் இங்க்கை ஊத்தி நாலு நாள் மறந்துட்டேன்.

இந்தியன் இங்க்ல கரித்தூள் மட்டும் இல்ல, அதை ஒட்ட வைக்க அரக்கு மாதிரி பசையும் இருக்கும். காய்ஞ்சா மரத்துக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி. தொட்டு எழுதுற பேனாவுக்கு, பிரஷுக்கு அது சரி. ஃபவுண்டன் பேனாவோட ஃபீடுக்குள்ள மயிரிழை மாதிரி வாய்க்கால் இருக்கும், அதுல போய் கெட்டியாயிடுச்சு. பேனா சரிபண்ற ஒரு அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். அவர் பேனாவைப் பாக்கல, என்னைத்தான் ஏற இறங்கப் பாத்தார். "பாட்டாவுக்கு சோறு போட்ட பேனாவாடே இது? இதுக்குள்ள தாரை ஊத்தி வெச்சிருக்கியே"ன்னார். பிரிச்சு, ஊற வெச்சு, சுரண்டி எடுக்க மூணு வாரமாச்சு.

ஃபவுண்டன் பேனாவுக்குன்னே செஞ்ச கரி மை தனியா இருக்கு. சைலரோட 'கிவா குரோ', பிளாட்டினம் கம்பெனியோட 'கார்பன் பிளாக்'. இதுல நிறம் கரையல, ரொம்ப நுண்ணிய துகளா மிதக்குது. காகித நாருக்குள்ள போய் உக்காந்துட்டா தண்ணிக்கு அசையாது. ஆனா இதுக்கும் ஒழுங்கு வேணும். தினம் எழுதணும், மூடி இறுக்கமா இருக்கணும், அப்பப்ப கழுவணும். "நான் வாரத்துல ஒரு நாள்தான் பேனா தொடுவேன்"னு சொல்றவங்களுக்கு இது வேண்டாம்.

ஏத்தங்காய் நறுக்கின கத்தி

பாட்டாவோட நோட்டுல இருந்தது கரி மையும் இல்ல. உத்துப் பாத்தா சில இடத்துல எழுத்தைச் சுத்தி லேசா துருப்பிடிச்ச நிறம். அங்கதான் எனக்குப் பிடி கிடைச்சுச்சு. அது இரும்பு மையாத்தான் இருக்கணும். உலகத்துல 'அயர்ன் கால்'னு சொல்ற வகை.

இதை விளக்க எனக்கு லேப் தேவைப்படல, அம்மாவோட அடுக்களை போதும். எங்க ஊர்ல நேந்திரங்காயை ஏத்தங்காய்னு சொல்லுவோம். பச்சை ஏத்தங்காயை இரும்புக் கத்தியால நறுக்கிப் பாருங்க. கத்தி கறுத்துப் போகும், விரலும் கறுக்கும், சோப்பு போட்டாலும் போகாது. காயில இருக்குற துவர்ப்பு, அதாவது டேனின், இரும்போட சேர்ந்து பண்ற வேலை. அதே துவர்ப்பு கடுக்காய்ல பல மடங்கு. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில ஊற வெச்சு முடிக்குத் தடவறாங்களே, அதுவும் இதே வேதியியல். காளஹஸ்தி கலம்காரித் துணியில வரையற கறுப்பும் இதேதான்: துணியைக் கடுக்காய்ல நனைச்சுட்டு, இரும்பும் வெல்லமும் புளிக்க வெச்ச தண்ணியால வரைவாங்க. துணியிலேயே கறுப்பு பிறக்கும்.

இரும்பு மையோட ரகசியம் அந்தப் 'பிறக்கும்'ங்கற வார்த்தையில இருக்கு. பாட்டில்ல இருக்கும்போது அது கறுப்பே இல்ல. இரும்பு ஃபெர்ரஸ் நிலையில, டேனினோட, கொஞ்சம் அமிலத்துல கரைஞ்சு கிடக்கும். ஏறக்குறைய நிறமே இருக்காது. எழுதும்போது கண்ணுக்குத் தெரியணுமேன்னு கொஞ்சம் நீலச் சாயம் சேர்ப்பாங்க. எழுதினதும் காத்து படுது, இரும்பு ஃபெர்ரிக் நிலைக்கு மாறுது, டேனினோட சேர்ந்து தண்ணியில கரையாத கறுப்பா மாறுது. அதுவும் காகித நாருக்குள்ளேயே. வெளிய இருந்து பூசின நிறம் இல்ல, உள்ள உண்டான நிறம். அதான் தண்ணி வந்து எடுத்துட்டுப் போக முடியல.

ஓட்டு போடும்போது விரல்ல வெக்கற மையும் தூரத்துச் சொந்தம் மாதிரி. 1962 தேர்தல்ல இருந்து மைசூர்ல இருக்குற மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் செஞ்சு கொடுக்குது. அதுல இரும்பு இல்ல, சில்வர் நைட்ரேட். ஆனா வழி ஒண்ணுதான்: தோலோட சேர்ந்து, வெளிச்சம் பட்டு, அங்கேயே கறுக்குது.

நானும் வீட்ல செஞ்சு பாத்தேன். நாட்டு மருந்துக் கடையில கடுக்காயும் அன்னபேதியும் கேட்டேன். அன்னபேதின்னா ஃபெர்ரஸ் சல்ஃபேட். கடைக்காரர் வயித்துக்கான்னு கேட்டார், பேனாவுக்குன்னேன், ரெண்டாவது கேள்வி கேக்கல. கடுக்காயைக் கொட்டை நீக்கி இடிச்சு, ராத்திரி ஊற வெச்சு, காய்ச்சி, துணியில மூணு தடவை வடிகட்டினேன். மஞ்சள் பழுப்புத் தண்ணி. அன்னபேதியைக் கரைச்சு ஊத்தினதும் ஒரே நொடியில கருநீலம். அம்மா எட்டிப் பாத்துட்டு, "என்னத்துக்குடே மக்ளே இதொக்க? கடையில கெடைக்குமே"ன்னாங்க. கெடைக்கும்மா, ஆனா இந்த நொடி கெடைக்காது.

கெட்டியாக கொஞ்சம் கருவேலம் பிசின் சேர்த்தேன். ஒரு எச்சரிக்கை: இதைப் பேனாவுக்குள்ள ஊத்தாதீங்க. கசடு இருக்கும், பூஞ்சை பிடிக்கும், அமிலம் நிப்பை அரிக்கும். மூங்கில் குச்சியைச் சீவித் தொட்டு எழுதுங்க, இல்ல தொட்டு எழுதற நிப்பு வாங்குங்க. பேனாவுக்கு வேணும்னா கம்பெனி செஞ்சது இருக்கு: பிளாட்டினம் புளூ பிளாக், ஜெர்மனியோட 'சாலிக்ஸ்', இங்கிலாந்து டயமைனோட 'ரெஜிஸ்ட்ரார்ஸ்'. அந்தக் கடைசிப் பேரே, பிறப்பு, கல்யாணப் பதிவேடு எழுதறவங்களுக்கான மைங்கறதால வந்தது. பாட்டாவோட தொழில்தான், வேற ஊர்ல.

ஓட்டு விளிம்புல ஒரு ராத்திரி

இப்ப சோதனை. ஒரே நோட்டு, ஒரே மாதிரி நிப்பு, ஒரே வாக்கியம்: "மேற்கு எல்லை ஓடை." ஆறு மை. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு தாள் எழுதினேன். ஒண்ணை ஏப்ரல்ல மூணு வாரம் ஜன்னல் வெயில்ல ஒட்டி வெச்சேன். இன்னொண்ணை ஜூன்ல மழை பிடிச்சதும் ஓட்டு விளிம்புல தண்ணி சொட்டற இடத்துல ஒரு ராத்திரி கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி, துணி காயப்போடத் தெரியாதவன்னு நெனச்சிருப்பாங்க.

துவைச்சா போற நீலம்: மழையில சுத்தமா இல்ல. வெயில்ல பாதி வெளிறிடுச்சு.

ஷீன்: இதுதான் மோசம். சாயம் அதிகம்ங்கறதால, வாக்கியம் போனது மட்டுமில்ல, தாள் முழுக்க நீலமாயிடுச்சு. பக்கத்துல கட்டின தாளையும் கெடுத்துச்சு.

ஷிம்மர்: எழுத்து போயிடுச்சு, தங்கப் பொடி மட்டும் நின்னுச்சு. வெயில்ல திருப்பினா அங்கங்க மின்னுது. என்ன எழுதினேன்னு மட்டும் தெரியல.

கரி மை: ஒண்ணும் ஆகல. வெயிலுக்கும் மழைக்கும் அசையல.

கம்பெனி இரும்பு மை: நீலம் கொஞ்சம் கழுவிப் போச்சு. கறுப்பு நின்னுச்சு.

வீட்டுக் கடுக்காய் மை: காகிதத்துல பரவி, பின்பக்கம் ஊறி, அசிங்கமா இருந்துச்சு. ஆனா நின்னுச்சு.

அப்ப இரும்பு மைதான் ஜெயிச்சுதா? அவசரப்படாதீங்க. அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. இரும்பும் அமிலமும் கூடிப் போனா, பல வருஷத்துல அது காகிதத்தையே தின்னும். ஐரோப்பாவுல இசைமேதை பாக் கையால எழுதின தாள்கள்லயே மை அரிச்சு ஓட்டை விழுந்து, அதைக் காப்பாத்தப் பெரிய வேலை நடந்திருக்கு. இன்னைக்குப் பேனாவுக்கு வர்ற இரும்பு மைகள் ரொம்ப மென்மையானது, இவ்வளவு பயம் வேண்டாம். ஆனா "என்னைக்கும் நிக்கும்"னு எந்த மையும் கிடையாது.

நம்ம ஆளுங்களுக்கு இது தெரியும். ஓலைச்சுவடியில எழுத்தாணியால கீறி, மேல கரியும் இலைச்சாறும் கலந்து தேய்ப்பாங்க. கீறின பள்ளத்துல மட்டும் கறுப்பு நிக்கும். அப்பவும் பூச்சி தின்னும், ஓலை நொறுங்கும். அதனால தலைமுறைக்குத் தலைமுறை படி எடுத்தாங்க. நாங்க சாஃப்ட்வேர்ல சொல்ற பேக்கப்தான். ஒரே ஒரு காப்பி இருந்தா, காப்பியே இல்லைன்னு அர்த்தம்.

மலை மேல

நேத்து காலையில மழை விட்ட நேரத்துல மலை ஏறினேன். பாறை நடுவுல கல் பாவின பாதை. மேல பெரிய பாறை கூரை மாதிரி நீட்டிட்டு நிக்கும். அதுக்கு அடியில வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்கள். பாம்புப் படம் குடை பிடிக்கற பார்சுவநாதர், பத்மாவதி, சிங்கத்தோட அம்பிகா. திருச்சாரணத்து மலைன்னு பழைய பேரு. பின்னாடி, 13-ஆம் நூற்றாண்டு வாக்குல பகவதி கோயிலா மாறிடுச்சு.

அங்க வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கு. 9-ஆம் நூற்றாண்டு, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலம். குணந்தாங்கி குரத்திகள்னு ஒரு சமணப் பெண் துறவி, இந்தக் கோயில் தெய்வத்துக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்லுது. அந்தப் பொன் இன்னைக்கு எங்கன்னு தெரியாது. கொடுத்தாங்கங்கற வரி நிக்குது. ஆயிரத்து நூறு வருஷ மழையில நனைஞ்சிருக்கு.

ஆனா நான் அதைத் தொட்டடுத்து நின்னு பாத்தேன், ஒரு எழுத்துகூட எனக்குப் படிக்க வரல. என் ஊர், என் மொழி. ஆராய்ச்சியாளர்கள் படிச்சு அச்சுல போட்டதாலதான் எனக்கு அந்த அம்மாவோட பேரே தெரியும். கல்லு அதோட வேலையைப் பண்ணிடுச்சு. நம்ம பக்கம்தான் படிக்கறதை விட்டுட்டோம். பக்கத்துப் பாறையில யாரோ ரெண்டு பேர் பேரை ஹார்ட் போட்டுக் கீறி வெச்சிருக்காங்க. அது மட்டும் தெளிவாப் படிக்க முடியுது. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. நிக்கணும்னா நல்ல மை வாங்கிக் காகிதத்துல எழுதுங்க.

கீழ இறங்கும்போது எனக்கு அந்த ஷூ பெட்டி ஞாபகம் வந்துச்சு. ஆயிரம் வருஷம் நின்ன எழுத்தை என்னால படிக்க முடியல. இருபது வருஷத்துல அழிஞ்ச எழுத்து யாருக்காவது ஞாபகம் இருக்குமோ?

அம்மா சொன்ன வரி

அப்பாகிட்ட முதல்ல கேட்டேன். "நான் என்னத்தடே எழுதினேன், எல்லாம் சொகம்தானான்னு கேட்டிருப்பேன்"னு பேப்பரைப் பிரிச்சுட்டார்.

ராத்திரி சாப்பாடு முடிஞ்சு அம்மாகிட்ட கேட்டேன். "அந்தக் கடிதத்துல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?" பாத்திரத்தைக் கவுத்தி வெச்சுட்டே சொன்னாங்க: "ஒக்க மனப்பாடம். ராத்திரி ராத்திரி எத்தனை தடவ வாசிச்சிருப்பேன்."

எட்டு வருஷமா நான் போச்சு போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தது அம்மாகிட்டயே இருந்திருக்கு. யாரும் கேக்கல. அவ்வளவுதான்.

"சொல்லுங்க, எழுதறேன்"ன்னேன். சிரிச்சாங்க. "நீ என் மோனாக்கும். எல்லாம் உன்கிட்ட சொல்ல ஒக்குமா?" ரொம்பக் கெஞ்சின பிறகு ஒரு கடிதத்துல இருந்து நாலு வரி சொன்னாங்க. நான் பொறந்த வாரம் அப்பா எழுதினது. அந்த நாலு வரியை இங்க சொல்லமாட்டேன், அது அவங்களோடது. ஒண்ணு மட்டும், அம்மா அனுமதியோட: எனக்கு மூக்கு யார் மாதிரின்னு அப்பா கேட்டிருக்கார். போட்டோ போய்ச் சேர ஒரு மாசமாகும்ல.

பேனா எடுத்தேன். பாட்டாவோட எபோனைட் பேனா, சுத்தம் பண்ணது. "எந்த நிறத்துல எழுதட்டும்?"னு கேட்டேன். யோசிக்கவே இல்ல. "நீலத்துல எழுது. அப்பா நீலத்துலதான் எழுதுவாரு."

நான் பிளாட்டினம் புளூ பிளாக் நிரப்பியிருந்தேன். எழுதினப்ப நல்ல நீலம். அம்மா கையில வாங்கிப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் நோட்டை மூடி தலையணை பக்கத்துல வெச்சுக்கிட்டாங்க.

காலையில காப்பி கொண்டு வரும்போது நோட்டும் கையில. "மக்ளே, இது கறுத்துப் போச்சே."

"அதுதான்மா நிக்கும். மழை வந்தாலும் போகாது"ன்னேன், நாலு மாச ஆராய்ச்சி பண்ண பெருமையில.

ஒரு தடவை திருப்பிப் பாத்தாங்க. "நிக்கட்டும். நல்லதுதான். ஆனா நீலமா இருந்தது."

பதில் சொல்ல முடியல. அதனால அன்னைக்கே அதே நாலு வரியை இன்னொரு தாள்ல, சாதா துவைச்சா போற நீலத்துல எழுதிக் கொடுத்தேன். அது அம்மாவோட தலையணைக்கு அடியில இருக்கு. கறுத்தது நோட்டுல இருக்கு. ரெண்டையும் ஸ்கேன் பண்ணியும் வெச்சிருக்கேன். இன்னும் எத்தனை கடிதம் பாக்கின்னு கேட்டதுக்கு, "பைய எழுதலாம், என்ன அவசரம்"ன்னு சொல்றாங்க. எனக்கு அவசரம்தான். அதனால இப்ப எல்லா வெள்ளிக்கிழமையும் திருவனந்தபுரத்துல இருந்து வண்டி ஏறிடறேன்.

உங்க மேசையில

சரி, என்ன இங்க் வாங்கலாம்? என் பதில்: முதல்ல மையைப் பாக்காதீங்க, எழுதப் போறது எவ்வளவு நாள் இருக்கணும்னு பாருங்க. மளிகை லிஸ்ட், மீட்டிங் குறிப்பு, நண்பனுக்குப் பிறந்தநாள் கார்டு: ஷிம்மர், ஷீன், எது பிடிக்குதோ அது, ஜாலியா எழுதுங்க. டைரி, கடிதம், பாட்டி சொன்ன சமையல் குறிப்பு: கரி மை இல்ல இரும்பு மை. பேனாவை வாரம் ஒரு தடவையாவது கழுவுங்க. ஒரு காப்பி தனியா எடுத்து வைங்க.

இந்த வாரம் ஒரு வேலை. மேசையில இப்ப இருக்குற பேனாவால வீட்ல ஒருத்தர் சொன்ன ஒரு வரியை எழுதுங்க. ஒரு நாள் காய விடுங்க. அப்புறம் குழாய்க்கு அடியில பிடிங்க. என்ன மிச்சம் இருந்துச்சுன்னு போட்டோ அனுப்புங்க. ஒண்ணும் மிச்சம் இல்லைன்னா, அந்த ஆளு வீட்லயேதான் இருக்காங்க. மறுபடி போய்க் கேளுங்க.

மழை மறுபடி பிடிச்சிருச்சு, இதுக்கு மேல மைக் தாங்காது. அடுத்த எபிசோடுல பாப்போம்.